தைராய்டு மாத்திரையை டீயோடு போடுகிறீர்களா? கல்வராயன் மலை முதல் சென்னை ஹாஸ்டல் வரை பலரும் செய்யும் தவறு

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். விடியற்காலை 5 மணி. வீட்டம்மா அடுப்பைப் பற்றவைத்து டீ போடுகிறார். ஒரு வாய் டீ, அதோடு ஒரு குட்டி மாத்திரை. கொஞ்ச நேரத்தில் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு மரவள்ளிக் காட்டுக்குக் கிளம்ப வேண்டும். தைராய்டுக்கு மாத்திரை போட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் அதே அசதி, அதே முகவீக்கம், சீப்பு நிறைய முடி. "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்.

கீழே கள்ளக்குறிச்சியில் இருந்து சென்னைக்கு வேலைக்குப் போன 27 வயதுப் பெண்ணுக்கும் அதே மாத்திரைதான். ஹாஸ்டலில் எழுந்ததும் காபி, தைராய்டு மாத்திரை, சத்து மாத்திரை எல்லாம் ஒரே மடக்கில். அளவு போதவில்லை என்று டோஸைக் கூட்டினார்கள். ஒரு மாதம் ஒழுங்காக வெறும் வயிற்றில் போட்டார், படபடப்பு வந்தது. "தைராய்டு மாத்திரை பக்கவிளைவு" என்று மொபைலில் தேடினார், பயந்துபோய் அவரும் நிறுத்திவிட்டார்.

இருவரும் கற்பனைதான். ஆனால் இந்த இரண்டு கதையில் ஒன்றாவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடந்திருக்கும். இரண்டிலும் மாத்திரை கெட்டதில்லை. போட்ட நேரமும், போட்ட முறையும்தான் சிக்கல்.

எவ்வளவு பேருக்கு இருக்கு?

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, தனக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது பல மடங்கு அதிகம்.

தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. அசதி, தூக்கம், எடை கூடுவது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், மாதவிடாய்க் கோளாறு, மறதி, மனச்சோர்வு... இதில் எதைப் பார்த்தாலும் தைராய்டு ஞாபகம் வராது. "வர வர சோம்பேறி ஆயிட்டே" என்ற பேச்சுதான் முதலில் வரும். நோய் இருக்கும் பெண் சிகிச்சைக்கு முன்னால் திட்டு வாங்குகிறார்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பிதான் தைராய்டு. உணவில் வரும் அயோடினை எடுத்து டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு வேகமாக அசைய வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இவை தீர்மானிக்கின்றன.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இதற்கு மேஸ்திரி மாதிரி. ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி, "வேலையைப் பார்" என்று தைராய்டை விரட்டும். அதனால்தான் தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கூடுதலாக இருக்கிறது. "டி.எஸ்.எச். அதிகம்னா தைராய்டு அதிகம்தானே?" என்று பலர் குழம்பும் இடம் இதுதான்.

பெரியவர்களுக்கு இன்று பெரும்பாலும் வருவது, உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வரும் குறைபாடு. 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயராலேயே ஹஷிமோட்டோ என்று அழைக்கிறார்கள். தைராய்டு அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, சில மருந்துகள் ஆகியவற்றாலும் சுரப்பு குறையலாம்.

உப்பும் மரவள்ளியும் காரணமா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கல்வராயன் மலைப் பகுதிகளில் மரவள்ளி முக்கியமான பயிர். "மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டால் தைராய்டு வரும்" என்ற பேச்சும் கூடவே உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது.

மரவள்ளியில் இருக்கும் லினமரின் என்ற பொருளில் இருந்து சயனைடு வெளிப்படும். உடம்பு அதை தயோசயனேட்டாக மாற்றும். இந்த தயோசயனேட், தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கிறது. ஆப்பிரிக்காவின் கிவு ஏரியில் உள்ள இட்ஜ்வி தீவில் முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்ததற்கு மரவள்ளியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் அங்கே இன்னொன்றும் இருந்தது: கடுமையான அயோடின் பற்றாக்குறை. அயோடின் போதுமான அளவு கிடைத்தால், தோல் சீவி, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடும் கிழங்கைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவருக்கும் இதே பதில்தான். சமைத்து, அளவாகச் சாப்பிடலாம்.

அப்படியென்றால் கவனிக்க வேண்டியது உப்பை. இந்தியாவில் அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்க 2006 மே மாதம் முதல் தடை இருக்கிறது. இருந்தும் 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு: சுமார் 62 சதவீதம். நாட்டின் சராசரி 76 சதவீதம். தூத்துக்குடியில் உப்பு விளைகிறது. சமையலறையில் அயோடின் குறைகிறது. மூட்டையில் இருந்து அள்ளித் தரும் கல் உப்பில் அயோடின் இருக்கிறதா என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா பாருங்கள், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், சமையலின் கடைசியில் உப்பு போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹஷிமோட்டோ வந்தவருக்கு அயோடின் உப்பை அதிகமாகப் போட்டால் சரியாகாது. கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று அளவுக்கு மீறி எடுத்தால் நிலைமை மோசமாகவும் வாய்ப்பு உண்டு.

மாத்திரையில அப்படி என்ன இருக்கு?

1891-ல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் முர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல், தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று நாம் போடும் லெவோதைராக்சின், ஆய்வகத்தில் செய்யப்படும் அதே டி4. எல்ட்ராக்சின், தைரோநார்ம், தைராக்ஸ் என்று பிராண்டுகள் பல. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்.

உடம்பு தானாகச் செய்ய வேண்டியதை வெளியில் இருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். அதனால் சரியான அளவில் இருக்கும்போது பக்கவிளைவு மிக அரிது. பட்டியலில் படிக்கும் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை, அளவு கூடிப்போனதன் அறிகுறிகள்.

அந்த அளவு எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் 20,000-ல் ஒரு பங்கு. சுரப்பு முற்றிலும் நின்றுபோனவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு ஏறக்குறைய 100. இவ்வளவு சின்ன அளவில், குடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் வரும் சிறு வித்தியாசமும் ரிப்போர்ட்டில் தெரியும்.

டீ, காபி, கூழ்: எதுக்கு எவ்வளவு இடைவெளி?

காபியும் பாலும் லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோயாவும் நார்ச்சத்து மிகுந்த உணவும் அப்படியே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. உடம்புக்கு அது நல்லது, தைராய்டு மாத்திரையோடு சேர்ந்தால் இடைஞ்சல். கூழை விட வேண்டாம். மாத்திரைக்கும் கூழுக்கும் இடைவெளி விட்டால் போதும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அடுத்த 30 முதல் 60 நிமிடத்துக்கு டீ, காபி, சாப்பாடு எதுவும் வேண்டாம்.

"காலைல அதுக்கெல்லாம் நேரம் இல்லை" என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு காலையில் போட்டதைவிட நன்றாகவே இருந்தது. 7 மணிக்கே சாப்பிட்டு முடித்து 10 மணிக்குப் படுக்கும் வீடுகளுக்கு இது ஒத்துவரும். மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்த நேரமானாலும், தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து போடலாமா?

கூடாது. இரும்பு, கால்சியம், வயிற்றுப்புண்ணுக்கான ஜெலுசில் மாதிரி மருந்துகள் ஆகியவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். தினமும் பான்டாபிரசோல், ஒமிபிரசோல் எடுப்பவர்களுக்கு உறிஞ்சல் குறைந்து அளவைக் கூட்ட வேண்டி வரலாம். டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

இது கர்ப்பிணிகளுக்கு ரொம்ப முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். மறக்காமல் இருக்க மூன்றையும் ஒன்றாகப் போட்டால், தைராய்டு மாத்திரை போட்டும் போடாத கணக்கு. கருவில் இருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. அதன் மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் முழுக்க அம்மாவிடம் இருந்துதான் போக வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கர்ப்பமானால், தேவை பொதுவாக 25 முதல் 30 சதவீதம் வரை கூடும். அதனால் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. மாத்திரைகளை எப்படிப் பிரிக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: காலை 5:30-க்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், மாலை 4 மணிக்கு இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். உங்களுக்கான வரிசையைச் செவிலியரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படபடப்பு வந்தா என்ன அர்த்தம்?

பெரும்பாலும், அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள். சென்னைப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். காபியோடு போட்டதால் மருந்து பாதி வீணானது. அதை வைத்து டோஸ் கூட்டப்பட்டது. பிறகு சரியாகப் போட்டதும் கூட்டிய டோஸ் முழுவதும் உள்ளே போனது.

இப்படி அளவு மிஞ்சி நீண்ட நாள் ஓடினால், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம், எலும்பு தேயலாம். மாதவிடாய் நின்ற அம்மாக்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இதய நோய் உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது அதனால்தான். படபடப்பு வந்தால் டாக்டரைப் பார்த்து டி.எஸ்.எச். பரிசோதித்து அளவைக் குறைக்க வேண்டும். தானாக நிறுத்துவது தீர்வு ஆகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாறுமாறான துடிப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"முடி கொட்டுது, வெயிட் குறையலை" — மாத்திரையாலா?

முடி கொட்டுவது பெரும்பாலும் நோயின் வேலை. மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களிலும் கொஞ்சம் கொட்டலாம், பிறகு நிற்கும். முடியின் வளர்ச்சி மெதுவாக நடப்பதால், பலன் தெரிய பல மாதம் ஆகும்.

எடை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. தைராய்டுக் குறைவால் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். 15 கிலோ கூடியிருந்தால் வேறு காரணமும் இருக்கும். தைராய்டு சரியாக இருப்பவர்கள் எடை குறைக்க இந்த மாத்திரையைப் போடுவது ஆபத்து. இதயம்தான் அதற்கு விலை கொடுக்கும்.

ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு. நிறுத்திடலாமா?

கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. "இப்பதான் நல்லா தெரியுதே" என்று கண்ணாடியைக் கழற்றிவிட முடியுமா? மாத்திரை போடுவதால்தான் ரிப்போர்ட் நார்மல்.

லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். ஒரு நாள் மறந்தால் ஒன்றும் ஆகாது. டாக்டர் சொல்லாமல் மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம். ஆனால் இதே காரணத்தால், நிறுத்தினாலும் சில வாரம் நன்றாகவே இருப்பது போலத் தோன்றும். அதன் பிறகு அசதி மெல்லத் திரும்பும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் உடல் வெப்பம் குறைந்து, நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் அரிதாக வரலாம்.

எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க என்றும் சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு அழற்சி பலருக்குத் தானாகவே சரியாகும். டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 10-க்குள் லேசாகக் கூடியிருந்தால் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. அப்படிப்பட்ட முதியவர்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், மாத்திரையால் அசதியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நிறுத்தலாமா, தொடரலாமா என்பதை டாக்டர் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும்.

மலையில இருந்து டெஸ்டுக்கு எப்படி வர்றது?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெரிய சிகிச்சைக்கு விழுப்புரம், சேலம் என்று அலைந்த மாவட்டம் இது. இன்றும் மலைக் கிராமத்தில் இருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

தைராய்டு சிகிச்சையில் ஒரு நல்ல விஷயம், அடிக்கடி இறங்கி வர வேண்டியதில்லை. தொடங்கும்போதும், அளவை மாற்றும்போதும் 6 முதல் 8 வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை. அளவு நிலைத்த பிறகு 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை போதும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை. ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும்.

மருந்தும் எட்டாத விலை இல்லை. லெவோதைராக்சின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. அதன் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு நாள் செலவு ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்கள் முக்கியமாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டு வருகிறார்கள். அவர்களிடமே தைராய்டு பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு, மூன்று மாதத்துக்கான மாத்திரையையும் கடைசி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

மாத்திரையை அடுப்படியிலோ ஜன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். வந்த பாட்டிலிலேயே, நிழலான இடத்தில் வையுங்கள். பிராண்டை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்றினால் 6 வாரம் கழித்து ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து இதைப் படிக்கலாம். ஊரில் அம்மாவோ, சித்தியோ, அக்காவோ தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருக்கலாம். "மாத்திரை போட்டியாம்மா?" என்று போனில் கேட்பது வழக்கம்தான். இன்றைக்கு இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். "எத்தனை மணிக்குப் போடுறே? அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிக்கிறே?"

"டீயோடதான் போடுறேன்" என்று பதில் வந்தால், தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்து டீ குடிக்கச் சொல்லுங்கள். 6 வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பரிசோதனைக்கும் இப்போதே நாள் குறித்துவிடுங்கள். மாத்திரை முழுதாக உள்ளே போக ஆரம்பித்தால் பழைய அளவு அதிகமாகிவிடக் கூடும் என்பதால், இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.